குதிரை இல்லாத குதிரைப் பயணம்

“உனக்குக் குதிரை ஏறத் தெரியுமா?” என்று டெலிபோனில் கேட்டார் புதுச்சேரி நண்பர்.

“மாட்டு வண்டியில் ஏறத் தெரியும்” என்றேன்.

“போதும். நீ ஏற வேண்டாம், எழுதினால் போதும். உடனே புறப்பட்டு வா!”

நண்பர் ஒரு பாங்கியில் உத்தியோகம் பார்ப்பவர். கணக்கில் புலி. ஆனால் பெண் விஷயத்தில் மட்டும் அவருடைய கணக்கு தவறிவிடும். ஒரே பெண்; பத்தாம் வகுப்பு படிக்கிறாள். புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவில் வட்டாரத்தில் ‘ரெட் எர்த்’ என்று ஒரு குதிரைச் சவாரிப் பள்ளி இருக்கிறதல்லவா? அங்கே சவாரி கற்றவள். புதுச்சேரியிலிருந்து செஞ்சிக் கோட்டை வரைக்கும் குதிரையிலேயே போக வேண்டும், இரவில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மார்ச்சில் பொதுப் பரீட்சை. தை மாதம் பிறந்துவிட்டால் தலையைத் தூக்க முடியாது. ஆகவே அக்டோபரில், பூஜை விடுமுறையில் போய்வந்துவிடுவது என்று அப்பாவும் பெண்ணும் முடிவு செய்திருந்தார்கள். நண்பர் லீவுக்கு எழுதிப் போட்டாகிவிட்டது. கூடாரம் வாங்கியாகிவிட்டது. குதிரைகளைத் தருவதாக ஒரு தெரிந்த மனிதர் ஒப்புக்கொண்டும் ஆகிவிட்டது.

“பிறகு என்ன தடை?” என்று கேட்டேன்.

“ஒரு கிழவர்!” என்றார் நண்பர்.

கிழவர் போட்ட நிபந்தனை

கிழவருக்கு வயது எழுபத்தெட்டு. வில்லியனூர்ப் பக்கத்துக்காரர். ஒரு காலத்தில் ஜட்கா வண்டி ஓட்டியவர். அவருடைய தகப்பனார், 1954 நவம்பரில் பிரெஞ்சு நிர்வாகம் கை மாறுகிற வரையில், ஒரு பிரெஞ்சு உத்தியோகஸ்தர் வீட்டுக் குதிரை வண்டிக்குச் சாரதியாக இருந்தாராம். அந்த வழக்கத்தில் கிழவர் இன்றைக்கும் மரியாதைக்குரியவர்களை ‘முசே’ என்றுதான் கூப்பிடுகிறார். குதிரைகளைத் தருவதாகச் சொன்ன மனிதர், “பெரியவர் கூட வந்தால்தான் தருவேன்” என்று சொல்லிவிட்டார். பெரியவரோ, “வழியை முதலில் பார்க்கணும், முசே. குதிரை இல்லாமல் ஒரு தரம் போய் வருவோம். அப்புறம் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டார்.

இப்படியாக, புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு, நண்பர், அவருடைய மகள், கிழவர், நான் ஆகிய நால்வரும் ஒரு வாடகை மோட்டாரில் ஏறிக் குதிரைப் பயணம் புறப்பட்டோம்.

கடற்கரைச் சாலையில் அலைகள் கருங்கற்களின் மேல் மோதிக்கொண்டிருந்தன. நண்பர் கைப்பேசியில் தேசப்படத்தைத் திறந்து, “மொத்தம் 70 கிலோமீட்டர்தான். மோட்டாரில் இரண்டு மணி நேரம். குதிரையில் இரண்டு நாள்” என்று அறிவித்தார்.

“குதிரை மணிக்கு எவ்வளவு தூரம் நடக்கும், அம்மா?” என்று கிழவர் பெண்ணைக் கேட்டார்.

“ஆறு கிலோமீட்டர், தாத்தா.”

“எத்தனை மணி நேரம் நடக்கும்?”

பெண் யோசித்தாள். கிழவரே பதில் சொன்னார். விடியலில் புறப்பட்டால் வெயில் ஏறுகிற வரையில் மூன்று மணி நேரம். அதிலும் நடுவில் இறங்கி, சேணத்தைத் தளர்த்தி, தண்ணீர் காட்ட வேண்டும். சாயங்காலம் வேண்டுமானால் இன்னும் ஒரு மணி. ஆக ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர், மிஞ்சினால் 20. நாலு நாள் நடை, நடுவில் ஒரு நாள் ஓய்வு. “ஐந்து நாள், முசே” என்றார்.

நண்பர் கைப்பேசியை மூடினார்.

தார் ரோடும் நண்பரின் எடையும்

முதல் முடிவு ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே ஏற்பட்டது. பயணம் கடற்கரையிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது! பிரெஞ்சுக்காரர்கள் நூல் பிடித்தாற்போல் போட்ட வெள்ளை நகரத்து வீதிகளில் குதிரையில் போவது படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் தார் ரோட்டில் லாடம் வழுக்கும். வெயில் ஏறினால் தார் சுடும். பஸ்ஸின் ஹாரனுக்குக் குதிரை மிரண்டால் நடுவீதியில் பிடிப்பவர் யார்? “பதினோரு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு இந்த ரோட்டில் நின்று பாருங்கள். அப்புறம் பேசலாம்” என்றார் கிழவர். ஆகவே குதிரைகளை முதல் நாளே வண்டியில் ஏற்றி ஊருக்கு மேற்கே கொண்டுபோய்விட்டு, மண் ரோட்டிலிருந்து புறப்படுவது என்று பெண் தன் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள்.

இரண்டாவது முடிவு சற்று வேதனையானது. நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கிற குதிரையின் எடை 300 கிலோவை ஒட்டியிருக்கும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அது சுமக்கலாகாது. சேணமும் அதில் அடக்கம். 300ல் ஐந்தில் ஒன்று 60 அல்லவா? நண்பரின் எடை 86.

“அப்பா நடந்து வருவார்” என்றாள் பெண், சிறிதும் இரக்கமின்றி.

மூன்றாவதாகத் தீனிக் கணக்கு. ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த தீனி சுமார் ஆறு கிலோ. மூன்று குதிரை, ஐந்து நாள்: 90 கிலோ! இதைக் குதிரையின் முதுகிலேயே ஏற்றினால், குதிரை தன் சாப்பாட்டைச் சுமப்பதற்காகவே நடந்ததாகும். ஆகையால் தங்கும் ஊர் ஒவ்வொன்றுக்கும் புல்லும் கொள்ளும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தண்ணீரோ வெயில் நாளில் ஒரு குதிரைக்கு 40 லிட்டர் வரைக்கும் ஆகும். மூன்றுக்கும் 120 லிட்டர். குடத்தால் எடுத்தால் பன்னிரண்டு குடம். வாயகன்ற பாத்திரம் இல்லாமல், கூடாரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தார் நம் பாங்கிக்காரர்!

ஏரியும் எல்லையும்

வில்லியனூர்ச் சாலையில், குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிழவர் வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லிப் பெயர்ப் பலகையைப் பெண்ணுக்குக் காட்டினார். குதிரைகளுக்கு ‘கிளாண்டர்ஸ்’ என்று ஒரு தொற்றுநோய் உண்டு, மனிதருக்கும் பரவக்கூடியது. புறப்படுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழ் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வட்டாரத்தின் எல்லை விசித்திரமானது. பிரெஞ்சுக்காரர்களுக்கு வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு கிராமங்கள் கிடைத்தன. அவர்கள் போன பிறகும் அந்தக் கோடுகள் அப்படியே இருந்துவிட்டன. சாலையில் போய்க்கொண்டே இருந்தால் புதுச்சேரி, பிறகு தமிழ்நாடு, மறுபடியும் புதுச்சேரி, மறுபடியும் தமிழ்நாடு என்று பலகைகள் வந்துகொண்டே இருக்கும். குதிரைக்கு இது தெரியாது, போலீஸாருக்குத் தெரியும்! ஆகவே இரு பக்கத்துப் பஞ்சாயத்துகளிடமும் போலீஸ் நிலையங்களிலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

ஊசுட்டேரியின் கரையை அடைந்தபோது சூரியன் உதயமாகிவிட்டது. இந்த ஏரியே பாதி புதுச்சேரியிலும் பாதி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. தண்ணீரின் மேல் வெயில் பட்டுத் தகதகத்தது. நாரையும் நீர்க்கோழியும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. “முதல் இரவு இங்கேதான்!” என்று நண்பர் குதூகலமாகக் கூவினார்.

“கூடாது, அப்பா. இது பறவைச் சரணாலயம்” என்றாள் பெண். 2008ல் புதுச்சேரி அரசு தன் பகுதியைச் சரணாலயமாக அறிவித்துவிட்டது. கரையில் குதிரை கட்டுவதும் அடுப்பு மூட்டுவதும் பறவைகளுக்குத் தொல்லை. பார்த்துவிட்டுப் போகலாம், தங்கலாகாது.

“பிறகு எங்கேதான் தங்குவது?” என்று நண்பர் கேட்டார். கிழவர் சிரித்துக்கொண்டே சாலையோரத்தைக் காட்டினார். ஒரு மரத்தடியில், அய்யனார் கோயில் முன்பு, இரண்டு ஆள் உயரத்தில் மண் குதிரைகள் வரிசையாக நின்றன. வாயைத் திறந்து, பல்லைக் காட்டி, காதை நிமிர்த்திக்கொண்டு, அவைதாம் என்ன கம்பீரம்!

“உங்கள் தேசப்படத்தில் இது இருக்கிறதா, முசே? அய்யனார் ஏரியைக் காக்கிற சாமி. எங்கே மண் குதிரை நிற்கிறதோ, அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஏரிக்கரை இருக்கும். நிழலுக்கு மரம் இருக்கும். ஊராரைக் கேட்டுக்கொண்டு, கோயிலுக்கு எட்டத் தள்ளித் தங்கணும். இந்தக் குதிரைகளுக்குத்தான் தண்ணீர் வேண்டாம், தீனி வேண்டாம், லீவு வேண்டாம். நீங்கள் போட்டிருந்த கணக்கு இந்தக் குதிரைகளுக்குத்தான் சரி!”

அதன் பிறகு பெண் வழி நெடுக மண் குதிரைகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

மழையில் நின்ற முகாம்

மேற்கே போனால் வழுதாவூர். இன்றைக்குச் சாதாரண ஊர். ஆனால் குதிரைகளோடு கூடாரம் அடிப்பதைப் பற்றி எழுத வந்தவன் இந்த ஊரில் இறங்காமல் போகக் கூடாது.

1750ஆம் வருஷம் ஹைதராபாத்தின் அதிபதி நாஸிர் ஜங் பெரும் படையோடு கர்நாடகத்துக்கு வந்து, வழுதாவூர்ப் பக்கத்தில் முகாமிட்டார். மூன்று லட்சம் வீரர்கள், அவர்களில் பாதிக்கு மேல் குதிரைப்படை, 1,300 யானைகள் என்று ஓர்ம் என்ற ஆங்கிலச் சரித்திராசிரியர் எழுதி வைத்திருக்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் இந்த மண் அதற்கு முன்போ பின்போ அத்தனை குதிரைகளைப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம். பின்பு ஆர்க்காட்டுக்குப் போன நாஸிர் ஜங், அந்தச் செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்துவிட்டார்கள் என்று கேட்டு, மறுபடியும் புறப்பட்டு வந்தார். செஞ்சிக்குச் சில காத தூரத்தில் முகாம் போட்டார்.

அது ஐப்பசியை ஒட்டிய காலம். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. இரு புறமும் ஆறுகள் பெருகின. முன்னால் போக முடியவில்லை. பின்னால் திரும்ப முடியவில்லை. தானியம் வருகிற வழி அடைபட்டது. சேற்றில் நின்ற படை இரண்டு மாத காலம் அழிந்துகொண்டே இருந்தது. அதற்குள் புதுச்சேரியில் இருந்த துய்ப்ளேக்ஸ், நாஸிர் ஜங்கின் கூட்டத்திலேயே சிலரைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டுவிட்டார். டிசம்பர் 16ஆம் தேதி பிரெஞ்சுப் படை முகாமைத் தாக்கியபோது, யானை மேல் இருந்த நாஸிர் ஜங்கை அவருடைய படையில் வந்திருந்த கடப்பை நவாபே சுட்டுக் கொன்றார்.

சதியைப் பற்றிச் சரித்திரம் விஸ்தாரமாகப் பேசுகிறது. என் பக்கத்தில் நின்ற கிழவருக்கோ அதில் சிரத்தையில்லை. “இரண்டு மாதம் சேற்றிலா? குளம்பு என்னத்துக்கு ஆகும்! ஈரத்தில் நின்றால் குளம்பு இளகி அழுகிப் போகுமே. அந்தக் குதிரைகளை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?” என்று கேட்டார்.

யாரும் பெரிதாக எழுதவில்லை என்றேன். பெண் நோட்டுப் புத்தகத்தில் ‘அக்டோபர்’ என்று போட்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நண்பர் அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லாய்ப் போன மரங்கள்

சங்கராபரணி ஆறுதான் இந்தப் பிரயாணத்துக்கு வழிகாட்டி. வராக நதி, செஞ்சி ஆறு என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. ஆகவே ஆற்றை ஒட்டியும் விலகியும் மேற்கே போய்க்கொண்டிருந்தால் செஞ்சி தானே வந்துவிடும்.

ஆற்றங்கரையில் இருக்கும் திருவக்கரை, சந்திரமௌலீசுவரர் கோயிலுக்கும் அதே ஆலயத்தில் உள்ள வக்கிரகாளி அம்மனுக்கும் பெயர் போனது. பௌர்ணமி இரவுகளில் இங்கே ஜனக்கூட்டம் அலை மோதும். ‘பௌர்ணமியில் வரக் கூடாது’ என்று நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. நிலா வெளிச்சத்தில் சவாரி செய்யலாம் என்று நண்பர் கண்டிருந்த கனவு அத்துடன் முடிந்தது.

ஊருக்குக் கிழக்கே, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. செம்மண் மேட்டில், வெட்டிப் போட்ட மரங்களைப் போல் நீளநீளமாகக் கிடக்கின்றன. கிட்டப் போய்த் தொட்டால் கல்! வளையங்கள் தெரிகின்றன, கணுக்கள் தெரிகின்றன. தட்டினால் கல்லின் சத்தம். சுமார் இரண்டு கோடி வருஷங்களுக்கு முந்திய மரங்களாம். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இவற்றைப் பார்த்துக் குறித்து வைத்தார்.

இவற்றில் ஒரு விசேஷம்: கிளையோ இலையோ வேரோ ஒட்டியிருக்கவில்லை, வெறும் அடிமரங்கள்தாம். ஆகையால் இவை இங்கேயே வளர்ந்தவை அல்ல, ஏதோ ஒரு வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து இங்கே புதைத்தது என்று நிபுணர்கள் தீர்மானிக்கிறார்கள். ஒரு சிறு துண்டைக்கூட எடுத்துப் போகலாகாது. உள்ளே குதிரைக்கும் கூடாரத்துக்கும் இடமில்லை. குதிரைகளை ஊரில் ஒருவர் காவலில் விட்டுவிட்டு, கால்நடையாக வந்து பார்க்க வேண்டும்.

“இரண்டு கோடி வருஷமாக இங்கே வெள்ளம்தானா, தாத்தா?” என்றாள் பெண். கிழவர் சிரிக்கவில்லை.

வீடூரில் கேட்ட கதை

வீடூரில் வராக நதியும் தொண்டி ஆறும் கூடுகின்றன. அங்கே 1959ல் கட்டி முடித்த அணை இருக்கிறது. அணைக்கு எட்டத்தில் ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். ஆற்றில் அப்போது மணல்தான் தெரிந்தது. “மழையே இல்லையே! அடுத்த மாதம் வந்தால் என்ன?” என்று நண்பர் கடைசி முறையாகக் கேட்டுப் பார்த்தார்.

கிழவர் அணையைக் காட்டினார். 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. வீடூர் அணையைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் காலையிலிருந்து மணலைப் பார்த்துக்கொண்டு வந்த அதே சங்கராபரணி கரை புரண்டு ஊர்களுக்குள் புகுந்தது.

பிறகு கிழவர், யாரையும் பார்க்காமல், ஒரு கதை சொன்னார்.

“எனக்கு அப்போது இருபத்தைந்து வயசு. ஒரு பெட்டைக் குதிரை. சாம்பல் நிறம். சித்திரை மாதம், முகூர்த்த நாள். கல்யாண வீட்டார் வில்லியனூருக்கும் டவுனுக்கும் நாலு நடை அடிக்கச் சொன்னார்கள். இரண்டு போதும் என்று எனக்குத் தெரியும். கூலி இரட்டிப்பு என்றார்கள். ஓட்டினேன். ராத்திரி அவள் சோர்ந்து நின்றாள். பாவம் பசி என்று, ஊறாத கொள்ளை வாளி நிறையக் காட்டிவிட்டேன். நம்மைப் போல வாந்தி எடுக்கக் குதிரையால் முடியாது, தம்பி. உள்ளே போனது போனதுதான். வயிற்றுவலி வந்துவிட்டது. விடிய விடியக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருந்தேன். விடியும்போது படுத்தாள். எழுந்திருக்கவில்லை.”

அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். “வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லையா? சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். காலால் தரையைப் பறித்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் வழியைப் பார்க்கணும் என்றேன். எனக்கு ஒரு தரம் போதும்.”

முன்பு நண்பரை ‘முசே’ என்றவர் இப்போது ‘தம்பி’ என்றதை நான் கவனித்தேன். நண்பரும் கவனித்திருப்பார்.

பெண் அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். வாசகர்களில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படும் என்று நானும் எழுதுகிறேன்: கொள்ளை ஊற வைத்தோ வேக வைத்தோதான் கொடுக்க வேண்டும். ஓடி வந்த குதிரையை மெள்ள நடத்தி, உடம்பு ஆறிய பிறகுதான் தானியம். ஒரேயடியாகக் கொட்டாமல், புல்லை இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் காட்ட வேண்டும். இரவில் இரண்டு மரங்களுக்கிடையே, குதிரையின் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் தலைக்கயிற்றை மாட்ட வேண்டும்; தரையில் முளையடித்தால் காலில் சுற்றிக்கொள்ளும். காலையில் சேணம் போடுமுன் முதுகைத் தடவிப் பார். நாலு குளம்புகளையும் தூக்கிப் பார். சாணத்தை வாரி அப்புறப்படுத்தாமல் ஓர் ஊரை விட்டுக் கிளம்பாதே. அடுத்த தடவை அந்த ஊரில் தண்ணீர் கிடைக்காது!

செஞ்சியில்

வீடூரிலிருந்து செஞ்சிக்கு ஒரே நாளில் குதிரை போகக் கூடாது. நடுவில் ஓர் இரவு தங்க வேண்டும். நாங்கள் மோட்டாரில் பிற்பகலிலேயே போய்ச் சேர்ந்தோம். பாறைகளை யாரோ ராட்சதன் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினாற்போன்ற மலைகள். அவற்றை வளைத்துக்கொண்டு ஓடும் மதில்கள். 1677ல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை. மொகலாயப் படை ஏழெட்டு வருஷம் முற்றுகையிட்டு, 1698ல்தான் பிடிக்க முடிந்த கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்ற பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். குதிரையோடு உள்ளே தங்குவதைக் கனவிலும் நினைக்கக் கூடாது. வெளியே, ஊரில்தான் ஜாகை.

ராஜகிரியின் அடிவாரத்தில், அடுக்கடுக்காக உயரும் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில், வளைவு வளைவாக ஓர் அறை வரிசை இருக்கிறது. குதிரை லாயம் என்று காட்டுகிறார்கள். கிழவர் ஒவ்வோர் அறையாக நுழைந்து பார்த்தார். “காற்று வருகிறது. நிழல் இருக்கிறது. பக்கத்திலேயே குளம். கட்டினவனுக்குக் குதிரை தெரியும்” என்று தீர்ப்புச் சொன்னார். அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு இதுதான்.

செட்டிக்குளத்தின் கரையில் ஒரு மேடை இருக்கிறது. தேசிங்கு ராஜனைத் தகனம் செய்த இடம் என்று சொல்கிறார்கள். தேசிங்கையும் பாராசாரிக் குதிரையையும் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்காத தமிழர் உண்டா? டில்லியில் யாராலும் அடக்க முடியாத பாராசாரியின் மேல் ஏறி, சிறைப்பட்ட தகப்பனை மீட்டவன் என்பது கதை. ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து, ஒரு சிறு குதிரைப்படையோடு பெரும் படையை எதிர்த்து, இருபது வயதைச் சற்றே தாண்டிய பருவத்தில் மாண்டவன் என்பது சரித்திரம். அன்று தேதி 1714 அக்டோபர் 3. ஆற்றில் வெள்ளம். குதிரையை வெள்ளத்தில் இறக்கி நீந்திக் கடந்து போய்ப் போரிட்டான்.

“அக்டோபர்” என்றாள் பெண்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. மேடையின் மேல் ஓர் ஆடு ஏறி நின்று எங்களைப் பார்த்தது. பிறகு பெண் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, ‘அக்டோபர்’ என்பதை அடித்தாள்.

“எப்போது வரலாம், தாத்தா?”

“தை பாதிக்கு மேலே. மாசி முடிகிறதுக்குள்ளே. அறுப்பு முடிந்து வயல் காய்ந்திருக்கும். வரப்பு ஓரமாகவே போகலாம். ஏரியில் தண்ணீர் இருக்கும். வெயில் சுடாது. பொங்கல் வெடி, மஞ்சுவிரட்டுச் சத்தம் எல்லாம் அடங்கியிருக்கும்.”

“இந்தத் தையில் எனக்குப் பரீட்சை.”

“ஆமாம்.”

“அடுத்த தை” என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கிற்று. ஆனால் எழுத்து நடுங்கவில்லை, நான் பார்த்தேன். “நீங்கள் வருவீர்கள் அல்லவா, தாத்தா?”

கிழவர் தம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நான் இருந்தால் வருகிறேன், அம்மா. இல்லாவிட்டாலும் உன் புஸ்தகத்தில் எல்லாம் இருக்கிறதே. குதிரையைக் கேட்டுக்கொண்டு போ.”

திரும்பும்போது திண்டிவனம் சாலையில் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. புரட்டாசி மழை, சரம் சரமாக மோட்டாரின் கூரையில் இறங்கிற்று. டிரைவர் கண்ணாடியைத் துடைக்கும் கருவியை முடுக்கினார். அப்படியும் பத்து கஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினோம்.

பெண் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்போது குதிரைகள் எங்கே நின்றிருக்கும், அப்பா?” என்று கேட்டாள்.

நண்பர் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்துக் கைப்பேசியை எடுத்தார். தேசப்படம் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அல்ல, லீவை ரத்து செய்யும்படி தம் ஆபீஸுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.